இணையம் போனாலும் விளக்கு எரிய வேண்டும்: ஸ்ட்ரீமிங் பெட்டிகளும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும்

ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றை மதிப்பிடுபவர்கள் வழக்கமாகப் படத் தெளிவில்தான் தொடங்குவார்கள்; நானும் அப்படியே தொடங்கினேன். ஆப்பிள் டிவி 4கே, கூகுள் டிவி ஸ்ட்ரீமர், அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 4கே மேக்ஸ் ஆகிய மூன்றையும் ஒரே தொலைக்காட்சியில் மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன். மூன்றும் 4கே படத்தையும், ஒளியையும் நிறத்தையும் மெருகேற்றும் டால்பி விஷனையும் குறையின்றிக் காட்டுகின்றன. சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவரிடம் எந்தப் பெட்டி ஓடுகிறது என்று கேட்டால், படத்தை மட்டும் வைத்து அவரால் சொல்ல முடியாது. பெட்டிகளைப் பிரித்துக் காட்டுவது வேறு இரண்டு விஷயங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் யாரையும் கேட்காமல் அதை இயக்க முடிகிறதா என்பது ஒன்று. வெளி இணைப்பு அறுந்தாலோ, தயாரித்த நிறுவனத்துக்கு ஆர்வம் குறைந்தாலோ, அந்தக் கருவியும் அதோடு இணைந்த விளக்குகளும் நம் சொல்லைக் கேட்கின்றனவா என்பது மற்றொன்று. இந்த மதிப்புரை பெரும்பாலும் அவற்றைப் பற்றியதே.

படத்தைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன், ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் இது கவனிக்கப்படாமலே கிடக்கிறது. திரைப்படங்கள் வினாடிக்கு 24 சட்டகங்களாக, அதாவது 24 தனித்தனி நிலைப்படங்களாக, எடுக்கப்படுகின்றன. பெட்டியோ தொலைக்காட்சிக்கு வினாடிக்கு 60 முறை படம் அனுப்புகிறது. 24 என்பது 60-இல் சரியாக அடங்காததால் ஒரு சட்டகம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகிறது. கேமரா ஒரு தெருவை மெதுவாக இடமிருந்து வலமாகத் தடவிச் செல்லும் காட்சியில், கட்டடங்களின் விளிம்புகள் சீராக நகராமல் விட்டு விட்டுத் துள்ளுவது அதனால்தான். ஆப்பிள் பெட்டியின் அமைப்புகளில் சட்டக வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் வசதி இருக்கிறது; அதை நாமே தேடி இயக்க வேண்டும். இயக்கிய பின் படம் தொடங்கும்போது திரை ஓரிரு வினாடிகள் கறுத்து மீளும். அந்தச் சிறு தொந்தரவுக்கு ஈடாகக் கிடைக்கும் நிதானமான நகர்வைப் பழகிய கண்ணால் பழைய துள்ளலுக்குத் திரும்ப முடியாது. தொலைக்காட்சியே சட்டகங்களை இடைச்செருகி வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இதற்காகவே 2019-இல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோட் உங்கள் தொலைக்காட்சியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

மின்சாரம், சேமிப்பிடம் ஆகியவற்றில் என் அனுபவம் சுருக்கமானது. ஸ்டிக் வடிவக் கருவியைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்தே இயக்கலாம் என்று நினைத்து, கம்பி தொங்காமல் அழகாகப் பொருத்தினேன். படத்தின் நடுவே அது அணைந்து அணைந்து எழுந்தது. பல தொலைக்காட்சிகளின் யூஎஸ்பி துளை அரை ஆம்பியர் மட்டுமே தருகிறது. 4கே ஸ்டிக்குக்கு அது பற்றாது. உடன் வந்த அடாப்டரைச் சுவரில் செருகியதும் பிரச்சினை தீர்ந்தது. சேமிப்பிடம் கூகுள் ஸ்ட்ரீமரில் 32 ஜிபி, ஃபயர் ஸ்டிக் மேக்ஸின் 2023 பதிப்பில் 16 ஜிபி, ஆப்பிளில் 64 அல்லது 128 ஜிபி. பத்துப் பதினைந்து செயலிகளோடு நிற்பவர்களுக்கு 16 போதும். 8 ஜிபி கொண்ட பழைய கருவிகளை இன்று வாங்க வேண்டாம். கம்பி வழி இணைப்புக்கான ஈதர்நெட் துளை கூகுள் ஸ்ட்ரீமரில் உண்டு. ஆப்பிளில் 128 ஜிபி பதிப்பில் மட்டுமே உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குப் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ் வேகம்தான் என்பதால் நல்ல வைஃபையே தாங்கும். ஆனால் ரௌட்டர் இரண்டு சுவர்களுக்கு அப்பால் இருந்தால் கம்பியைவிட நிம்மதி வேறில்லை.

இனி ரிமோட். என் அம்மாவுக்கு வேண்டியவை நான்கு பட்டன்கள்: திறக்க, ஒலியைக் கூட்ட, குறைக்க, முந்தைய திரைக்குப் போக. ஆப்பிளின் ரிமோட்டில் மேலே உள்ள வட்டப் பகுதி தொடு உணர்வு கொண்டது. அவர் கட்டைவிரல் அதில் பட்டதும் தேர்வு எங்கோ ஓடிவிடும், "இது என் பேச்சைக் கேட்கவே மாட்டேன் என்கிறதே" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார். அமைப்புகளில் தொடுதலை அணைத்து, அழுத்தினால் மட்டும் நகரும்படி மாற்றிய அன்றே அந்தச் சண்டை முடிந்தது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் ஆப்பிள் பெட்டியைப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். கூகுள் ஸ்ட்ரீமரின் ரிமோட் அவர் கைக்கு முதல் நாளே பொருந்தியது. ஒலிப் பட்டன் முகப்பிலேயே நீளமாக இருக்கிறது; ரிமோட் தலையணைக்கு அடியில் புகுந்துகொண்டால், பெட்டியின் பின்புறம் உள்ள பட்டனை அழுத்தியதும் ஒலி எழுப்பித் தன் இருப்பிடத்தைக் காட்டுகிறது. எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறையாவது பயன்படுவது இந்தப் பட்டன்தான், இது போன்ற எளிய வசதியை எல்லோரும் தர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

ஒரே ரிமோட்டால் தொலைக்காட்சியும் ஒலிக்கருவியும் பெட்டியும் சேர்ந்து எழ வேண்டுமானால் எச்டிஎம்ஐ-சிஇசி என்ற வசதி இயங்க வேண்டும். எச்டிஎம்ஐ கம்பிக்குள் இதற்கென்றே தனி இழை ஒன்று ஓடுகிறது. கருவிகள் அதன் வழியே ஒன்றையொன்று எழுப்பிக்கொள்கின்றன. குழப்பம் பெயரில் இருக்கிறது. சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. தொலைக்காட்சியின் அமைப்புகளில் சிஇசி என்று தேடிச் சலித்தவர்கள் இந்தப் பெயர்களில் தேடட்டும். தொலைக்காட்சியை அணைத்த சற்று நேரத்தில் அது தானாக எழுந்து நின்றால், இணைந்திருக்கும் வேறொரு கருவி அதை எழுப்புகிறது என்று பொருள். ஒவ்வொரு கருவியிலும் அந்த அனுமதியை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முகப்புத் திரையைத் திருத்துவதும் ரிமோட்டின் தொடர்ச்சிதான். கூகுள் டிவியில் செயலிகள் மட்டும் தெரியும்படி மாற்றலாம். பரிந்துரை வரிசைகள் மறைந்துவிடும். ஃபயர் டிவியில் முகப்பில் தானாக ஓடத் தொடங்கும் முன்னோட்டங்களின் படத்தையும் ஒலியையும் தனித்தனியாக அணைக்கலாம். வாங்கிய அன்றே இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஆப்பிளில் முகப்பு ஆரம்பத்திலேயே செயலிகளின் வரிசையாக இருப்பதால் வேலை குறைவு. மூன்றிலும் நான் செய்தது ஒன்றே: அம்மா பார்க்கும் மூன்று செயலிகள் முதல் வரிசையில் இடமிருந்து தொடங்கும்படி வைத்தேன், பயன்படாதவற்றை நீக்கினேன். திறந்ததும் எங்கே கைவைக்க வேண்டும் என்று தேட வேண்டியதில்லை என்றால், கருவி பாதி வெற்றி பெற்றுவிட்டது.

விளக்குகள், பிளக்குகள், சென்சார்கள் பக்கம் வந்தால், ஒரு மாலையில் நான் செய்த சோதனையைச் சொல்ல வேண்டும். வைஃபை ரௌட்டரை ஓடவிட்டு, அதற்குள் வரும் வெளி இணைப்புக் கம்பியை மட்டும் கழற்றி வைத்தேன். வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் இயங்கும் விளக்குகள் வழக்கம்போல எரிந்தன, அணைந்தன. ஆப்பிள் பெட்டியை மையமாகக் கொண்ட விளக்குகளும் கைபேசியின் சொல்லைக் கேட்டன. வீட்டு வட்டில் சேர்த்து வைத்திருக்கும் குடும்பப் படங்களை ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருள் மூலம் தொலைக்காட்சியில் பார்க்க முடிந்தது. வைஃபையில் நேரடியாக இணைந்த ஒரு பிளக் மட்டும் ஊமையாகிவிட்டது. கைபேசி அதிலிருந்து மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் என் கட்டளை தொலைதூர சர்வர் ஒன்றுக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் அந்த பிளக் அசையும்படி அதைச் செய்திருக்கிறார்கள். எந்தக் கருவியை வாங்கினாலும், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எந்த வாசகத்தையும்விட இது உண்மையைச் சொல்லும்.

சர்வரை நம்பிய கருவிகளுக்கு என்ன நேரும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மையத்தை 2014-இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட்டபோது, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கருவிகள் வெறும் பெட்டிகளாயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. அதன் ஸ்விட்சுகளைப் பல ஆண்டுகளாகச் சுவரில் பொருத்தி வாழ்ந்தவர்கள் செயலியைத் திறந்து பார்த்து விழித்தார்கள். பின்னர் அதன் பயனர்களில் ஒரு குழுவினரே நிறுவனத்தை வாங்கி மீட்டனர். ஸ்ட்ரீமிங் பெட்டியை நான்கைந்து ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். சுவருக்குள் போகும் ஸ்விட்ச் அப்படியல்ல; அது பதினைந்து ஆண்டுகள் இருக்க வேண்டிய பொருள். அதை வாங்கும்போது, நிறுவனம் நாளை கதவைச் சாத்தினாலும் இது இயங்குமா என்று கேட்பது சந்தேகப் புத்தியாகாது; சாதாரண முன்யோசனைதான்.

இந்த இடத்தில்தான் மேட்டர் என்ற பொதுத் தரநிலையை வரவேற்கிறேன். ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றும் சேர்ந்து பங்கெடுத்த இதன் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வெளிவந்தது. மேட்டர் கருவி வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கட்டளையைப் பெறுகிறது. ஒரே விளக்கை ஆப்பிள் செயலியும் கூகுள் செயலியும் ஒரே நேரத்தில் ஆளலாம். வீட்டில் ஒருவர் ஐபோனும் மற்றொருவர் ஆண்ட்ராய்டும் வைத்திருந்தால் இதன் அருமை உடனே புரியும். முதல் பதிப்பில் விளக்கு, பிளக், பூட்டு போன்றவையே இருந்தன. தரை துடைக்கும் ரோபோ போன்றவை 2023-இல் வந்த பதிப்பில்தான் சேர்ந்தன. ஆகவே பெட்டியில் மேட்டர் சின்னம் இருப்பதால் அந்தக் கருவியின் எல்லா வசதிகளும் எல்லாச் செயலிகளிலும் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். விளக்கை ஏற்றுவது, அணைப்பது, மங்கச் செய்வது வரை உறுதி. நிறுவனம் தன் செயலியில் மட்டும் வைத்திருக்கும் அலங்கார வேலைகள் அங்கேயே நின்றுவிடும்.

மேட்டரோடு சேர்த்துப் பேசப்படும் த்ரெட் என்பது மின்கலத்தில் ஓடும் சிறு சென்சார்களுக்கான கம்பியில்லா வலையமைப்பு. அதை வீட்டு வலையமைப்போடு இணைக்க ஒரு பாலம் வேண்டும். கூகுள் டிவி ஸ்ட்ரீமரிலும் ஆப்பிள் டிவியின் 128 ஜிபி பதிப்பிலும் அந்தப் பாலம் உள்ளேயே இருக்கிறது. 64 ஜிபி பதிப்பில் இல்லை. ஆப்பிள் பெட்டி வாங்குவோர் இதற்காகவே பெரிய பதிப்பை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடுதல் சேமிப்பிடத்தைத் தொடக்கூட மாட்டீர்கள், ஆனால் கதவு சென்சார் ஒன்று வாங்கும் நாளில் தனியாக ஒரு மையத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆள்வதற்கு நான் தேர்ந்தெடுத்தது ஹோம் அசிஸ்டன்ட். பாலஸ் ஸ்கௌட்சன் 2013-இல் தொடங்கிய இந்தத் திறந்தமூல மென்பொருள் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலேயே ஓடுகிறது. முன்கூட்டியே நிறுவப்பட்ட ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் என்ற பெட்டியாகவும் கிடைக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் பல ரிமோட்டுகளை ஒன்றாக்க ஹார்மனி ரிமோட்டை நாடியவர்கள், அதன் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-இல் லாஜிடெக் அறிவித்த பிறகு இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. தொடக்கத்தில் கற்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். இரண்டு வார இறுதி நாள்களை ஒதுக்கத் தயாராக இல்லாதவர்கள், ஆப்பிள் அல்லது கூகுளின் வீட்டுச் செயலியோடு நின்றுகொள்வது நல்லது.

ஜிக்பீ கருவிகளுக்காக நான் யூஎஸ்பி ஆன்டெனா ஒன்றைச் சிறு கணினியின் பின்புறம் நேரடியாகச் செருகினேன். பக்கத்து அறை சென்சார்கூட வந்து வந்து காணாமல் போனது. காரணம் யூஎஸ்பி 3 துளைகள் எழுப்பும் இரைச்சல். அது ஜிக்பீ பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி போட்டு ஆன்டெனாவைக் கணினியிலிருந்து விலக்கி அலமாரியின் மேல் வைத்தேன். வைஃபையை 1-ஆம் சேனலிலும் ஜிக்பீயை 25-ஆம் சேனலிலும் நிறுத்தினேன். அதன்பின் ஒரு சென்சாரும் தொலையவில்லை. இந்த நீட்டிப்புக் கம்பியை ஆன்டெனாவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

படம் தொடங்கினால் விளக்கு மங்குவதும், நிறுத்தினால் மெல்ல ஒளிர்வதும்தான் நான் முதலில் அமைத்த தானியக்கம். பெட்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதை ஹோம் அசிஸ்டன்ட் வலையமைப்பிலிருந்தே அறிந்துகொள்கிறது. ஓடினால் விளக்கு 10 சதவீதம், நின்றால் 40 சதவீதம், சூரியன் மறைந்த பிறகு மட்டும். முதல் இரவே ஒரு குறை தெரிந்தது: தவறவிட்ட வசனத்தைக் கேட்கப் பத்து வினாடி பின்னால் போகும்போதெல்லாம் பெட்டி ஒரு கணம் நின்று ஓடுவதால், விளக்கும் கூடவே ஏறி இறங்கியது. படம் மூன்று வினாடிகள் தொடர்ந்து நின்றிருந்தால் மட்டுமே விளக்கை ஏற்று என்ற நிபந்தனையைச் சேர்த்தேன். தண்ணீர் குடிக்க எழுபவருக்கு வழி தெரியும் அளவுக்கு வெளிச்சம் வருகிறது, மற்ற நேரத்தில் விளக்கு தன் வேலையைக் காட்டிக்கொள்வதில்லை. வீட்டுத் தானியக்கம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்மார்ட் பல்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாங்கள் முதலில் வாங்கியவை அவைதான். யாரோ ஒருவர் பழக்கத்தில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரமே போகாது. பிறகு எந்தச் செயலியாலும் அதை எழுப்ப முடியாது. ஓர் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போய் வந்தபோது, படுக்கையறை பல்புகள் அனைத்தும் முழு ஒளியில் எரியத் தொடங்கின. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. மின்சாரம் மீளும்போது முந்தைய நிலைக்கே திரும்பு என்ற அமைப்பு அந்த பல்புகளில் இருந்தது, ஆனால் செயலியில் நான்கு திரைகளுக்கு உள்ளே. பல்பு வாங்கினால் முதல் வேலையாக அதைத் தேடி மாற்றுங்கள். இப்போது நாங்கள் சுவர் ஸ்விட்சுக்குப் பின்னால் பொருத்தும் ரிலே என்ற சிறு மின் இணைப்பு மாற்றிகளுக்கு மாறிவிட்டோம். ஸ்விட்சைக் கையால் தட்டினாலும் விளக்கு எரியும், சொல்லி ஏற்றினாலும் எரியும். பெரும்பாலான ரிலேக்களுக்கு ஸ்விட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி வேண்டும். வாங்குவதற்கு முன் மின்பணியாளரிடம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குரல் கட்டளை எங்கள் வீட்டில் டைமர் வைப்பதற்கும் பாட்டுப் போடுவதற்கும் மட்டுமே நிலைத்தது. மைக்கை அணைக்கத் தனி பட்டன் இல்லாத கருவியை நான் வாங்க மாட்டேன். அதைவிட முக்கியமாக, பல ஸ்மார்ட் தொலைக்காட்சிகள் திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு குறித்துக்கொள்கின்றன. பெட்டி எதுவானாலும் இந்தப் பழக்கம் தொலைக்காட்சியினுடையது. அதன் தனியுரிமை அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிடுங்கள். எல்ஜியில் அது லைவ் பிளஸ் என்ற பெயரில் இருக்கும். தனிப் பெட்டி வைத்திருப்பவர்கள் தொலைக்காட்சியை இணையத்தோடு இணைக்காமலே விட்டுவிடலாம், நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

மூன்றில் எங்கள் தொலைக்காட்சியில் இன்று இருப்பது கூகுள் டிவி ஸ்ட்ரீமர். அம்மாவின் கைக்குப் பொருந்திய ரிமோட்டும், உள்ளேயே இருக்கும் த்ரெட் பாலமும், ஈதர்நெட்டும் சேர்ந்து அதற்கு அந்த இடத்தைத் தந்தன. ஐபோன் மட்டுமே உள்ள வீடுகளுக்கும், திரைப்பட நகர்வில் கண் வைத்திருப்பவர்களுக்கும் ஆப்பிளின் 128 ஜிபி பெட்டியையே சொல்வேன். அமேசானின் மற்ற கருவிகளை ஏற்கெனவே வைத்திருப்பவர்களும், இரண்டாவது அறைக்குச் சிறியதாக ஒன்று தேடுபவர்களும் ஃபயர் ஸ்டிக் மேக்ஸைத் தயங்காமல் எடுக்கலாம்.

எதை வாங்கினாலும் ஒரு வேலையைப் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மேட்டர் கருவிகளின் மீது வழக்கமாக க்யூஆர் குறியும் அதனோடு 11 இலக்க எண்ணும் இருக்கும். சுவருக்குள் போய்விட்டால், கருவியை வேறு செயலிக்கு மாற்றும் நாளில் திருகாணியைக் கழற்றித்தான் அதைப் படிக்க முடியும். எங்களுடையவற்றை ஒரு தாளில் அறைவாரியாக எழுதி, மின்சாரப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.